ஆடிக் காற்றும் வண்டி பேட்டரியும்

உளுந்தூர்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் வருகிற சிறு பேரூராட்சி மங்கலம்பேட்டை. சுற்றிலும் செம்மண் காடு, முந்திரித் தோப்பு, சவுக்கு, கரும்பு, மணிலாக் கொல்லை. தண்ணீர் வசதி உள்ள பக்கம் நெல். வண்டியோடு போய் வெட்டவெளியில் தங்குவது என்றால் இங்கே யாருக்கும் கேரவன் நினைவுக்கு வராது. ஆனால் அப்படித் தங்குகிறவர்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவர்கள் இல்லை. தை பிறந்ததும் நெல் அறுவடை வண்டியோடு வரும் ஓட்டுநரும் உதவியாளரும் களத்து மேட்டிலேயே படுத்துக்கொள்கிறார்கள். திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிக்காரர்களுக்கு மாதக்கணக்கில் வண்டிதான் வீடு. அறுத்த வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்கள் வரப்போரம் கூடாரம் அடிக்கிறார்கள். மேல்மருவத்தூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிற வேன்கள் புளியமரத்தடியில் அடுப்பு மூட்டி இரவைக் கழிக்கின்றன. இவர்களோடு, வேனுக்குள் கட்டிலும் குட்டி ஃப்ரிட்ஜும் பொருத்திக்கொண்டு ஊர் சுற்றும் நகரத்து இளைஞர்களும் இப்போது சேர்ந்திருக்கிறார்கள். பக்கத்து மாநிலமான கேரளம் 2021-ல் ‘கேரவன் கேரளா’ என்று இதற்கெனத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது.

இவர்கள் எல்லோருக்கும் இரவில் ஒரே கவலை. போன் சார்ஜ் ஏற வேண்டும், விளக்கு எரிய வேண்டும், கொசு அண்டாமல் ஒரு விசிறி ஓட வேண்டும். இத்தனையும் வண்டி பேட்டரியில் போட்டுவிட்டு, காலையில் செல்ஃப் எடுக்காமல் தள்ளுகிற நிலையும் வரக்கூடாது. இதற்கு வழி என்று சந்தையில் வந்திருப்பதுதான் சிறு காற்றாலை: ஒரு மீட்டர் விட்டத்தில் மூன்று அல்லது ஐந்து இறக்கை, பின்னால் ஒரு ஜெனரேட்டர், 12 வோல்ட் பேட்டரிக்குப் போகும் கம்பி. இரவு பகல் பாராமல் இலவச மின்சாரம் என்பது விற்பவர் வாக்கு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்கிற ஊரில் அதை நம்பக் கஷ்டம் இல்லை. நம்பலாமா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

தேவை எவ்வளவு?

முதலில் செலவுக் கணக்கு. ஒரு போனை முழுதாக ஏற்ற, வழியில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 25 வாட்-மணி போகும். மூன்று பேர் என்றால் 75. ஐந்து வாட் எல்.இ.டி. விளக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 25. பி.எல்.டி.சி. வகை 12 வோல்ட் விசிறி எட்டு மணி நேரத்துக்கு 140 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக மொத்தம் ஒரு நாளைக்கு 240 வாட்-மணி. அறுவடை வண்டிக்காரரின் தேவை இத்தோடு முடிந்துவிடும். கம்ப்ரசர் வைத்த சிறிய ஃப்ரிட்ஜ் இருந்தால், நம் வெயிலுக்கு இன்னொரு 500 சேரும்.

இந்தக் கணக்கை நிரப்ப வண்டியில் ஏற்கெனவே ஒரு மின்நிலையம் இருக்கிறது. மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர், 14 வோல்ட்டில் 30 ஆம்பியரைத் தாராளமாகத் தரும். அதாவது 420 வாட். தனியாக ஒரு பேட்டரி வைத்து, நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் பொருத்திக்கொண்டால், ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒன்றரை நாள் தேவை ஏறிவிடும். அடுத்தது கூரை மேல் சோலார் பலகை. தமிழ்நாட்டு வெயிலில் 100 வாட் பலகை ஒன்று, மேகம் இல்லாத நாளில், 400 வாட்-மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாகத் தரும். அதில் சுழல்வதோ சத்தம் போடுவதோ எதுவும் இல்லை. சிறு காற்றாலை போட்டி போட வேண்டியது இந்த இரண்டோடுதான்.

காற்றின் கணக்கு

காற்றாடியின் சக்தி இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: இறக்கை வீசும் வட்டத்தின் பரப்பு, காற்றின் வேகம். பரப்பு இரட்டித்தால் சக்தி இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காகும். மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. அம்மி பறக்கும் என்ற பேச்சுக்குப் பின்னால் இருக்கிற இயற்பியல் இதுதான். இதையே திருப்பிப் போட்டால் சங்கடம் தெரியும்: வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

காற்றில் இருப்பதையெல்லாம் பிடித்துவிடவும் முடியாது. அதிகபட்சம் 59.3 சதவீதம்தான் எடுக்கலாம் என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-ல் காட்டினார். கையால் தூக்கிப்போகும் அளவு காற்றாடிகள், ஜெனரேட்டர் இழப்பும் போக, கால் பங்கு பிடித்தாலே நல்லது.

1.2 மீட்டர் விட்டமுள்ள காற்றாடியை இந்தக் கால் பங்குக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். வினாடிக்கு 3 மீட்டர் காற்றில் 4 வாட் வரும். 4 மீட்டரில் 10 வாட். 5 மீட்டரில் 20. 6 மீட்டரில் 35. வினாடிக்கு 8 மீட்டரில் 84 வாட்டும், 12 மீட்டரில் 280 வாட்டும் கிடைக்கும். பெட்டியில் “400 வாட்” என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 12 அல்லது 12.5 மீட்டர் வேகத்துக்கான எண். அது மணிக்கு 45 கிலோமீட்டர் காற்று. அந்தக் காற்றில் கூடாரம் நிற்காது, அடுப்பு எரியாது, யாரும் வெளியில் உட்கார மாட்டார்கள். முகாம் போடத் தோதான இதமான காற்று 2 முதல் 4 மீட்டர் வரைதான். மனிதனுக்குச் சுகமான காற்றில் காற்றாடிக்கு வேலை இல்லை.

வேகத்தைக் கருவி இல்லாமலே ஓரளவு மதிப்பிடலாம். முகத்தில் காற்றுப் பட்டு, அரச இலை சலசலத்தால் 2 முதல் 3 மீட்டர். சிறு கிளைகளும் இலைகளும் ஓயாமல் ஆடி, கொடி விரிந்து பறந்தால் 4, 5 மீட்டர். தெருப் புழுதியும் காகிதமும் மேலே கிளம்பினால் 6, 7 மீட்டர். சிறு மரங்கள் அடியோடு அசைந்தால் 8-க்கு மேல். காற்றாடி வாங்க நினைக்கிறவர், எத்தனை இரவுகளில் புழுதி பறந்தது என்று எண்ணிப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

தோப்புக்குள் நிறுத்திய வேன்

வண்டியோடு தங்குகிறவர் முதலில் தேடுவது நிழல். மங்கலம்பேட்டைப் பக்கத்தில் நிழல் என்றால் முந்திரித் தோப்பு. முந்திரி உயரமாக வளர்வதைவிடக் கிளை தாழ்ந்து அகலமாகப் படரும் மரம். அதன் நடுவில் வேனை நிறுத்தினால், தோப்புக்கு மேலே பனை மட்டை உரசுகிற சத்தம் கேட்கும். அடியில் பீடிப் புகை நேராக மேலே போகும். கூரையில் மூன்று மீட்டர் உயரத்தில் மாட்டிய காற்றாடிக்குக் கிடைப்பது அந்தப் புகைக்குக் கிடைக்கிற காற்றுதான்.

சுற்றியுள்ள 150 மீட்டருக்குள் இருக்கிற எந்தத் தடையையும்விடக் காற்றாடி 9, 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இத்துறையின் பழைய விதி. ஏழு மீட்டர் மரம் என்றால் பதினேழு மீட்டர் கம்பம். வேனில் கொண்டுபோக முடியாத நீளம். வெட்டவெளியிலும் உயரம் முக்கியம். மரம் செடி உள்ள நிலத்தில் மூன்று மீட்டரிலிருந்து ஒன்பது மீட்டருக்கு ஏற்றினால் காற்று வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும், சக்தியோ இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே பெரிய இறக்கைக்குச் செலவழிப்பதைவிட உயரமான கம்பத்துக்குச் செலவழிப்பது மேல்.

கம்பத்துக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. பந்தலுக்கும் சாரத்துக்கும் போகிற சவுக்குக் கம்பு, மூன்று பக்கம் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டினால், ஆறேழு மீட்டருக்கு நன்றாகவே நிற்கும். ஆனால் மாலையில் நட்டு, விடியற்காலையில் பிடுங்குகிற வேலையாக அது இருக்க முடியாது. முளை அடித்து, கம்பி இழுத்து, நிமிர்த்திக் கட்ட இரண்டு ஆளுக்கு ஒரு மணி நேரமாவது பிடிக்கும். நாலு நாளாவது ஒரே இடத்தில் தங்கினால்தான் அந்த உழைப்புக்குப் பொருள் உண்டு.

காற்றுக் காலமும் தங்கும் காலமும்

தமிழ்நாட்டின் காற்றாலைப் பருவம் மே நடுவிலிருந்து செப்டம்பர், அக்டோபர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்களில் நெருக்கிப் பாய்கிறது. அதை நம்பித்தான் 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைப் பயணம் இன்று 10,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது. கணவாய் வாயிலிருந்து வெகு தூரம் தள்ளி, கடலிலிருந்தும் உள்வாங்கி இருக்கிற விருத்தாசலம் சமவெளிக்கு அந்தப் பாய்ச்சல் வந்து சேரும்போது தளர்ந்துவிடுகிறது. ஆடியில் பகலில் மேல்காற்று புழுதி கிளப்பும். பொழுது சாய்ந்ததும் அடங்கும். வெயில் உள்ள நாட்களில் மாலைக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று எட்டிப் பார்க்கும். அதுவும் விடியும்வரை நீடிப்பதில்லை.

வண்டியோடு வந்து தங்குகிறவர்களின் காலமோ வேறு. நெல் அறுவடை தை, மாசியில். வாத்துக்காரர்கள் வருவது அதை ஒட்டி. விருத்தகிரீஸ்வரர் கோயில் மாசி மகத்துக்கு வண்டி கட்டி வருகிற கூட்டம் மாசியில். மேல்மருவத்தூர் வேன்களும் சபரிமலை வேன்களும் கார்த்திகையிலிருந்து தை வரை. நகரத்திலிருந்து சுற்ற வருகிறவர்களும் வெயில் தணிந்த டிசம்பர், ஜனவரியையே விரும்புகிறார்கள். இந்த மாதங்களில் உள்மாவட்டங்களில் இரவு பனி இறங்கும், காற்று அசையாது. காற்று வீசும்போது ஆள் இல்லை, ஆள் வரும்போது காற்று இல்லை. மங்கலம்பேட்டையில் சிறு காற்றாலை தோற்பதற்குக் காற்றின் அளவைவிட இந்தப் பொருந்தாமை பெரிய காரணம். தை மாத வெயிலில் களத்து மேட்டில் சாய்த்துவைத்த ஒரு சோலார் பலகை அந்த வேலையைப் பேசாமல் செய்துவிடும்.

வென்ற இடங்கள்

காற்றால் பேட்டரி ஏற்றுவது புதிய யோசனை இல்லை. சொல்லப்போனால் காற்று மின்சாரம் பிறந்ததே பேட்டரி ஏற்றத்தான். 1887-ல் ஸ்காட்லாந்தின் மேரிகர்க் ஊரில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர், தோட்டத்தில் துணி இறக்கை கட்டிய காற்றாடி நிறுத்தி, பேட்டரிகளை ஏற்றித் தன் குடிலுக்கு விளக்கெரித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ், 17 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையைக் கட்டி, வீட்டு நிலவறையில் வைத்த பேட்டரி அடுக்குகளை நிரப்பினார்.

வண்டிக்கு நெருங்கிய உதாரணம் ‘ஃப்ராம்’ கப்பல். நார்வேக்காரர் ஃப்ரித்யோஃப் நான்சென் 1893-ல் வடதுருவத்தை நோக்கிக் கிளம்பியபோது, கப்பலின் மேல்தளத்தில் ஒரு காற்றாடியை வைத்து டைனமோ ஓட்டினார். மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத துருவ இரவில் மின்விளக்கு எரிந்தது. அந்தக் காற்றாடி வேலை செய்ததற்கு ஒரு காரணம், கப்பல் பனியில் உறைந்து நின்றதுதான். சுற்றிலும் மரமோ மேடோ இல்லாத பனிச் சமவெளி.

1930-களில் மின்கம்பி எட்டாத அமெரிக்கப் பண்ணை வீடுகளில் வானொலி கேட்க 6 வோல்ட் கார் பேட்டரிதான் கதி. ஜெனித் வானொலி நிறுவனம், அயோவா மாநிலத்து வின்சார்ஜர் நிறுவனத்தோடு சேர்ந்து, வானொலி வாங்குகிறவர்களுக்குச் சிறு காற்றாடியைச் சலுகை விலையில் தந்தது. கிராமத்துக்கு மின்கம்பி வந்ததும் அவை இறக்கப்பட்டன. இன்றைக்கும் சிறு காற்றாடி செழிப்பாக இருப்பது பாய்மரப் படகுகளில். நங்கூரம் போட்டு நிற்கிற படகுக்கு, தடையில்லாத கடற்காற்று நாள் முழுக்கக் கிடைக்கிறது. பெரிய பலகை விரிக்க அங்கே இடமும் இல்லை.

நமக்குப் பக்கத்தில் ஆரோவில் உண்டு. அங்கே அரேக்கா பணிமனை உருவாக்கிய ஏவி-55 காற்றுப் பம்புகள் தண்ணீர் இறைத்தன. ஸ்காட்லாந்துக்காரர் ஹ்யூ பிக்காட் உலகுக்குக் கற்றுக்கொடுத்த வடிவத்தில், மர இறக்கை செதுக்கி, கையால் செப்புக் கம்பி சுற்றிச் சிறு காற்றாலை செய்கிற வேலையை மின்வாயு என்ற குழு அங்கே எடுத்துச் செய்தது. இலங்கையில் மன்னார்த் தீவின் தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 விசையாழிகள், 103.5 மெகாவாட். மன்னார் வளைகுடாவின் இரு கரையும் இரண்டு பருவக்காற்றையும் வாங்குகிறது. அதனால்தான் கற்பிட்டியிலும் ராமேசுவரத்திலும் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிற விளையாட்டுக்காரர்கள் வந்து முகாம் போடுகிறார்கள். ஆள் வரும் காலமும் காற்று வரும் காலமும் பொருந்துகிற அபூர்வமான இடங்கள் அவை.

இந்த உதாரணங்களில் பொதுவான அம்சம் ஒன்றுதான். காற்றாடி ஓரிடத்தில் நின்றது; அந்த இடம் வெட்டவெளி.

பெட்டி மேல் போட்ட எண்

சந்தையில் கிடைக்கும் பொருளைப் பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. செங்குத்தாகச் சுழலும், விளக்குக் கூண்டு மாதிரி அழகான காற்றாடிகள் இணையத்தில் 1,000 வாட், அதற்கும் மேல் என்று விற்கப்படுகின்றன. அவற்றின் வீச்சுப் பரப்பு பல நேரங்களில் 0.3 சதுர மீட்டர்தான் இருக்கும். வினாடிக்கு 12 மீட்டர் காற்றில் அந்தப் பரப்பு வழியாகப் போகிற மொத்தச் சக்தியே 300 வாட். பெட்ஸ் வரம்பில் பிடித்தாலும் 180-ஐத் தாண்டாது. எந்தப் பொறியாளராலும் மீற முடியாத எண் இது. விட்டத்தை அல்லது உயர அகலத்தைக் கேட்டுப் பரப்பைக் கணக்குப் போட்டால், விளம்பரத்தின் லட்சணம் கடையிலேயே தெரிந்துவிடும்.

ஓடுகிற வண்டியின் கூரையில் காற்றாடி வைத்தால் இலவச மின்சாரம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிற எதிர்க்காற்றை உண்டாக்குவது டீசல்தான். குறையே இல்லாத காற்றாடியில்கூட 1 வாட் எடுக்க, வண்டி 1.5 வாட் கூடுதலாகத் தள்ள வேண்டும். நிஜக் காற்றாடியில் அது இரண்டு மடங்கைத் தாண்டும். அந்த வேலையை ஆல்டர்னேட்டர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது, அதுவும் பானெட்டுக்குள் பத்திரமாக.

கட்டுகிறவர் கவனத்துக்கு

இத்தனைக்குப் பிறகும் கடலோரத்திலோ கணவாய்ப் பக்கத்திலோ நீண்ட நாள் தங்குகிறவருக்குக் காற்றாடி உதவலாம். அவர் மறக்கக்கூடாதவை சில உண்டு.

சோலார் பலகையை எப்போது வேண்டுமானாலும் பேட்டரியிலிருந்து கழற்றிவிடலாம். காற்றாடியை அப்படிக் கழற்றக் கூடாது. சுமை விலகியதும் அது கட்டுமீறிச் சுழன்று, வோல்ட்டேஜைத் தாறுமாறாக ஏற்றி, இறக்கையையும் எலக்ட்ரானிக்ஸையும் கெடுத்துவிடும். லித்தியம் பேட்டரி வைத்தவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. பேட்டரி நிரம்பியதும் அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று தானாகவே இணைப்பைத் துண்டிக்கும். அப்போது மின்சாரத்தைத் திருப்பிவிட்டு வெப்பமாக எரிக்க ஒரு தடைச் சுமை வேண்டும். பீங்கான் குழாய் மேல் தடைக் கம்பி சுற்றிய எளிய பொருள்தான் அது. மின்சாரப் பீங்கான் செய்து பழகிய விருத்தாசலத்துப் பட்டறைகளுக்கு அந்தக் குழாய் ஒரு வேலையே இல்லை. இறக்கையை நிறுத்த ஜெனரேட்டரின் மூன்று கம்பிகளையும் ஒன்றுசேர்க்கும் பிரேக் சுவிட்சும் அவசியம்.

அடுத்தது மேலே போகும் மின்கம்பி. கிராமத்துச் சாலையோரத் தாழ்வழுத்தக் கம்பிகள் இரும்புக் கம்பம் நிமிர்த்தும்போது எட்டிவிடும் உயரத்தில்தான் போகின்றன. கம்பத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் மின்கம்பி இருந்தால் அந்த இடமே வேண்டாம். கூரையில் நிரந்தரமாகக் கம்பம் பற்றவைத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். அதோடு சுழற்சியின் அதிர்வு தகரம் வழியாக இறங்கித் தூங்கவிடாது.

மழைக்காலத்தில் வெயில் இல்லாதபோது காற்று கைகொடுக்குமே என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் கடலூர் புயல் மாவட்டம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயல், பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. அப்படிப்பட்ட நாளில் காற்றாடியை முந்தின நாளே இறக்கிவைத்தாக வேண்டும். புயல் போன மறுநாளிலிருந்து மின்சாரம் இல்லாத வாரங்களில், வெயில் வந்துவிடுகிறது; காற்றோ ஓய்ந்துவிடுகிறது.

எங்கே நிற்க வேண்டும்?

வண்டியின் பலம் நகர்வது. காற்றாடியின் பலம் நல்ல இடத்தில் உயரமாக, அசையாமல் நிற்பது. இரண்டையும் ஒன்றோடு ஒன்று கட்டினால் இரண்டும் கெடும். மங்கலம்பேட்டைக் களத்து மேட்டில் படுக்கிறவருக்கு ஆல்டர்னேட்டர், 100 வாட் பலகை, தனி பேட்டரி ஆகிய மூன்றே போதும். காற்றாடிக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னொரு பலகையும் நல்ல விசிறியும் வாங்கலாம்.

ஆனால் தங்குமிடங்களைக் கட்டுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. சாமியார்பேட்டை மாதிரிக் கடற்கரையிலோ, திட்டக்குடி வெலிங்டன் ஏரிக்கரை போன்ற வெட்டவெளியிலோ, ராமேசுவரத்திலோ வண்டி முகாம் அமைத்தால், தாழ்த்தி இறக்கக்கூடிய 15 மீட்டர் கம்பத்தில் இரண்டு மூன்று மீட்டர் விட்டமுள்ள ஒரே காற்றாலையை இடத்துக்குச் சொந்தமாக நிறுத்தலாம். பலகைகளும் பொது பேட்டரியும் அதோடு இருக்கட்டும். வருகிற வண்டி தன் பேட்டரியை ஏற்றிக்கொண்டு போகும். முதலில் அந்த இடத்தில் வேகமானி வைத்து ஓராண்டு காற்றை அளக்க வேண்டும். அளக்கத் தெரிந்தவர்கள் பள்ளிக்கரணையில் தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தில் இருக்கிறார்கள். கயத்தாற்றில் அவர்களுடைய சோதனை நிலையம் இருக்கிறது. சிறு காற்றாலைகளின் பெட்டியில் 12 மீட்டர் வேகத்து வாட்டுக்குப் பதிலாக, 4 மீட்டர் சராசரிக் காற்றில் மாதம் எத்தனை யூனிட் என்று அச்சிட வேண்டும் என்ற விதியை அரசு கொண்டுவந்தால், பாதி ஏமாற்றம் தீர்ந்துவிடும். அந்த எண்ணைப் பார்த்தபின் வாங்குகிறவர் குறைவாகத்தான் இருப்பார். அவரிடம் அது ஓடும்.